போர்வையின் மறுபாதி

(பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் 22 ஆண்டுகளாக சேப்ளினாக, அதாவது நோயாளிகளைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லும் குருவாக, இருக்கும் தென்னிந்தியத் திருச்சபை ஆயர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

போன இதழில் உங்கள் பக்கம் வரவில்லை. "ஐயா மாநாட்டுக்குப் போயிருக்கிறார்" என்று ஒரு வரி மட்டும் போட்டிருந்தார்கள். அதே வாரம் என் மாமியார் உங்கள் மருத்துவமனையில் மூன்றாம் மாடியில் இருந்தார். இரண்டு முறை உங்களைக் கேட்டார். பழைய சாமான்களைப் பார்க்கப் போன நேரத்தில் உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்திருக்கலாமே, ஐயா?
- வாசகி, அல்சூர்

உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. அந்த வெள்ளியும் சனியும் நான் வார்டில் இல்லை. எனக்குப் பதிலாக ஓர் இளம் ஆயரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனேன். ஆனால் உங்கள் மாமியார் கேட்டது யாராவது ஓர் ஆயரை இல்லை, இத்தனை நாள் வந்துபோன என்னை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மூன்றாம் மாடிக்குத்தான் போனேன். பெரியம்மா என்னைக் கண்டதும், "எங்கேய்யா போயிட்டீங்க?" என்றார். பழைய திருச்சபைச் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பாரம்பரியச் சங்கம், பழைய ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்ட் பக்கம் இரண்டு நாள் மாநாடு நடத்தியது, கூடவே ஒரு மியூசியமும் திறந்தார்கள், அதற்குப் போயிருந்தேன் என்று சொன்னேன். நீங்கள் கேட்ட கேள்வியை அவர் கேட்கவில்லை. "எங்க கே.ஜி.எஃப். சாமான் ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டார். கோலார் தங்கவயல்தான் அவர் ஊர். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர்தான் பேசினார். அவர் அனுமதியோடு அதில் கொஞ்சத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏன் போனேன் என்றும் சொல்ல வேண்டும். சேப்ளின் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்று ஓர் இளம் ரோமப் படைவீரர். இன்றைய பிரான்சில் இருக்கும் அமியான் நகரத்து வாசலில், கடுங்குளிரில், உடுக்கத் துணியில்லாத ஒரு பிச்சைக்காரரைப் பார்த்தார். கையில் காசில்லை. தோளில் கிடந்த போர்வையை வாளால் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அந்த மனிதருக்குப் போர்த்திவிட்டு, மிச்சப் பாதியோடு போனார். பின்னாளில் அவர் தூர் நகரத்து பிஷப் ஆனார். அவர் வைத்துக்கொண்ட பாதிப் போர்வை புனிதப் பொருளாயிற்று. பிராங்கிய அரசர்கள் அதைப் போருக்கும் எடுத்துப் போனார்கள். சிறு போர்வைக்கு லத்தீனில் 'கப்பெல்லா' என்று பெயர். அதை வைத்த இடம் 'சேப்பல்' ஆனது, அதைக் காத்த குரு 'சேப்ளின்' ஆனார்.

அதாவது, முதல் சேப்ளின் ஒரு பொருளுக்குக் காவலாக இருந்தவர். இன்றைய மியூசியக் காப்பாளர் செய்கிற வேலைதான்.

இருபது வருடமாக இந்தக் கதையை மருத்துவமனைக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் அந்த இன்னொரு பாதி என்ன ஆயிற்று என்று நான் யோசித்ததே இல்லை. அதைப் பிச்சைக்காரர் உடுத்தினார், கந்தலானது, போயிற்று. அவர் பெயரையும் யாரும் எழுதவில்லை. இந்த மாநாட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்தது. நான் போனதற்கு அது ஒரு சமாதானம் ஆகாது. ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை என்று மட்டும் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

சேப்ளின் என்றால் பாதிரியார்தானே? அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன். நாங்கள் இந்துக்கள். எங்களிடமும் வருவீர்களா?
- வாசகர், ராமமூர்த்தி நகர்

வருவேன், ஐயா. கூப்பிட்டால் வருவேன், வேண்டாம் என்றால் வாசலிலேயே கும்பிடு போட்டுவிட்டுப் போவேன். சபை ஆயருக்குத் தன் சபையார் உண்டு. சேப்ளினுக்கு அந்தக் கட்டடத்தில் படுத்திருக்கும் எல்லோரும் உண்டு. பட்டாளத்திலும் இதே முறைதான். நம் ஊர் ராணுவப் பிரிவான எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினீயர் குரூப்) பக்கம் பழகியவர்களுக்குத் தெரியும்: பண்டிட், மௌல்வி, சீக்கியரின் கிரந்தி, பாதிரி எல்லோருமே அங்கே 'ரிலிஜியஸ் டீச்சர்', ஜே.சி.ஓ. என்ற இளநிலை அதிகாரி ரேங்க். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் டியூட்டி சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது தேவாரமோ திருவாசகமோ சொல்வதாக இருந்தால் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

மியூசியத்தில் என்னென்ன பார்த்தீர்கள்? மனதில் நின்றது எது?
- வாசகர், சிவாஜி நகர்

பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் இரண்டு வகுப்பறைகள், அவ்வளவுதான் மியூசியம். கரும்பலகையைக்கூட எடுக்கவில்லை. காற்றுப்பெட்டி கிழிந்த ஆர்மோனியம், நீளக் காம்பு வைத்த காணிக்கைப் பை, நாக்கு இல்லாத மணி, கிட்சன் என்ற பழைய மண்ணெண்ணெய் விளக்கு, கண்ணாடி நெகட்டிவ்கள். சுவரில் தமிழ் அச்சின் கதை: 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்க 'தம்பிரான் வணக்கம்', 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அவர் 1715-இல் அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடு. இவை எல்லாம் படங்கள்தான். மூலம் இங்கே இல்லை. இவற்றை வேகமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நின்றது ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால்.

நோயாளிகளுக்குத் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும், கொண்டுபோகும் பெட்டி. ஒரு சாண் நீளம். மேலே தோல், உள்ளே வெல்வெட். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த வெல்வெட் இப்போது பழைய புளியின் நிறம். அதில் மூன்று குழிகள். ஒன்றில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கிண்ணம், ஒன்றில் ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிய தட்டு, ஒன்றில் தக்கை வைத்த குப்பி. கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. நானும் வாரத்தில் நான்கு நாள் இப்படி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்குகிறவன். எனக்கு அந்தத் தேய்மானம் எப்படி வந்தது என்று தெரியும். படுத்திருப்பவரின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் கிண்ணத்தைச் சாய்க்கும்போது அதே இடம்தான் உதட்டில் படும். எத்தனை உதடுகள்!

அப்புறம் தோல். மூடியின் வலது ஓரம் மட்டும் கறுத்துப் பளபளத்தது. கைவியர்வை. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, நான்கு விரலை மேலே வைத்துப் பிடித்தபடி வருடக்கணக்காக யாரோ நடந்திருக்கிறார்.

அட்டையைப் படித்தேன். 1898 பிளேக் காலத்தில் கண்டோன்மென்ட்டில் பயன்பட்டது என்று எழுதியிருந்தது. குருவானவரின் முழுப்பெயர், அவர் படித்த கல்லூரி, பிறந்த ஊர், இறந்த வருடம் எல்லாம் இருந்தது. கடைசி வரி, குருவுக்குத் துணையாக வேதம் சொல்லித்தரும் ஊழியரைப் பற்றி: "ஒரு சுதேச உபதேசியார் உடன் சென்றார்."

அவ்வளவுதான். ஒரு சுதேச உபதேசியார்.

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் வந்தது. எலி செத்து விழுந்தது, வீடுகள் காலியாயின, ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள், மிஞ்சினவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நெரிசலைக் குறைக்கத்தான் பின்னாளில் ஃபிரேசர் டவுன் எழும்பியது. ஊரே ஓடும்போது நோய் இருக்கும் வீட்டைத் தேடி எதிர்த்திசையில் போனவர்கள் இரண்டு பேர். குருவானவருக்கு வழி காட்டியது யார்? தெருப் பெயர், வீட்டு அடையாளம், உள்ளே படுத்திருப்பவர் எந்த ஊர்க்காரர், என்ன சொன்னால் கதவைத் திறப்பார், இதெல்லாம் தெரிந்தவர் யார்? சாகிறவர் தமிழில் முனகியதைப் புரிந்துகொண்டவர் யார்? பெட்டியைத் தூக்கியவர் கைதான் அந்தத் தோலில் கறுப்பாகப் படிந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

என் அப்பாவின் அப்பா கே.ஜி.எஃப்.பில் உபதேசியார். சுரங்கத்து லைன் வீடுகளில் ராத்திரி எந்நேரமானாலும் அவரைத்தான் எழுப்புவார்கள். அதனால் எனக்கு அந்த அட்டை கொஞ்சம் கூடுதலாக வலித்திருக்கலாம்.

சங்கத்துக்காரர்களிடம் சொன்னேன். "ஆவணம் எதிலும் பெயர் இல்லை ஐயா, இல்லாததை எப்படி எழுதுவது?" என்றார் செயலாளர். அவர் சொன்னதும் நியாயம்தான். பழைய இரும்புக் கடையிலும் இடிக்கப் போகும் வீட்டிலும் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையென்றால் இந்தப் பெட்டியும் இல்லை. ஆனால் "ஒரு உபதேசியார்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், அவருக்குப் பெயரே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. "இவர் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்த குடும்பத்தார் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று எழுதலாமே என்றேன். செயலாளர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு வெள்ளை அட்டையில் அதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, கண்ணாடிக்குள் பழைய அட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

பூஜையில் இருக்க வேண்டிய பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போட்டுக் காட்டுவது பாவம் என்று என் தந்தை சொல்வார். கோயில் சிலையை மியூசியத்தில் பார்த்தால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். உங்கள் கருத்து?
- வாசகி, மல்லேஸ்வரம்

உங்கள் அப்பா செய்வது சரி என்றே எனக்குப் படுகிறது. கும்பிட்ட கைகள் எங்கே போனாலும் அந்தப் பொருளோடு கூடவே வருகின்றன. சிவாஜி நகர் ஆரோக்கிய மாதாவைப் பாருங்கள். சேலை உடுத்தி, செப்டம்பர் 8 திருநாளுக்குத் தேரில் வருகிற மாதாவை எந்த மதத்துக்காரரும் பக்தியோடுதான் பார்க்கிறார். அந்தச் சேலையில் ஒன்றை நாளைக்கு மியூசியத்தில் வைத்தாலும் அது வெறும் துணியாகிவிடுமா?

ஆனால் மியூசியம் காப்பாற்றித் தருவதும் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து கஸ்தூரிபா சாலை தூரமில்லை. அங்கே 1865-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர் கல்வெட்டு இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக் கல். 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் நம் சோழ இளவரசர் இராசாதித்தன் யானை மேலேயே உயிரை விட்டார் இல்லையா, அந்தப் போரைப் பற்றிய கல் அது. எதிர்ப்பக்கத்தில் நன்றாகப் போரிட்ட மணலேரன் என்ற வீரனை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார் கங்க மன்னர் பூதுகன். மணலேரன் நிலம் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு நாள் அந்த நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு சண்டை போட்டது. இரண்டும் செத்தன. அந்த நாய்க்காக, ஆதகூர்க் கோயிலுக்கு முன்னால் நட்ட கல் அது. மேலே நாயும் பன்றியும் மோதுவதைச் செதுக்கியிருக்கிறார்கள். நிலமும் விட்டார்கள். இந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் சாப்பிடும் பூசாரிக்குப் பாவம் சேரும் என்றும் அதிலேயே வெட்டியிருக்கிறது.

நான் பத்து வருடத்துக்கு முன்பு அதைப் பார்த்தபோது அழகான கதை என்று மட்டும் நினைத்தேன். மாநாடு முடிந்த மறுநாள், ஞாயிறு ஆராதனை முடித்துவிட்டு, மறுபடி போய் அதன் முன்னால் நின்றேன். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாயின் பெயரை மறக்கக் கூடாது என்று கல்லில் வெட்டி, சோற்றில் கை வைக்கும் முன் அதை நினை என்று பூசாரிக்கும் கட்டளை போட்டிருக்கிறார்கள். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் பிளேக் வீட்டுக்குள் நுழைந்த மனிதரின் பெயரை நாங்கள் தொலைத்துவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது, அம்மா. எங்கள் சபைகளுக்காக வெட்கப்பட்டேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

மாநாட்டில் மொழிப் பிரச்சினையில் வாக்குவாதம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
- வாசகர், காக்ஸ் டவுன்

வாக்குவாதம் என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம். அட்டைகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. ஒரு கன்னட ஆயர் எழுந்து, "இந்தப் பொருள்களைப் பயன்படுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டாமா?" என்று கேட்டார். கைதட்டியவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். கண்டோன்மென்ட் 1809-இல் உருவான நாளிலிருந்து சிப்பாய், சமையற்காரர், குதிரைக்காரர், வியாபாரி என்று தமிழர் இங்கே வந்து குடியேறியது எல்லோருக்கும் தெரியும். இது கன்னட நாடு என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மொழியிலும் எழுதுவது என்று முடிவாயிற்று. எனக்கு நிறைவாக இருந்தது.

அந்த அமர்வில் கேட்ட ஒரு செய்தியை உங்களோடு பகிர வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1698-இல் கொடுத்த சாசனத்தில், இங்கே வரும் குருமார் ஒரு வருடத்துக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும், ஊர் மொழியையும் கற்க முயல வேண்டும் என்று விதி இருந்ததாம். எத்தனை பேர் செய்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் மொழி தெரியாத சேப்ளின் கட்டிலருகே நின்று பயனில்லை என்பதை அன்றைக்கே உணர்ந்திருக்கிறார்கள். எங்கள் மருத்துவமனையில் இன்று நான் தமிழும் கன்னடமும் பேசுவேன், தெலுங்கு புரியும். மணிப்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பிள்ளைகளிடம் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வழி தெரியவில்லை. இந்தக் குறை எனக்கு உண்டு. ஹிந்தி படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்துப் பைபிள் இருக்கிறது. முன்பக்கத்தில் குடும்பத்தில் பிறந்தவர், இறந்தவர் விவரமெல்லாம் மையில் எழுதியிருக்கிறது. தாள் பொடிப்பொடியாக உதிர்கிறது. லேமினேட் செய்துவிடலாமா?
- வாசகி, ஃபிரேசர் டவுன்

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம்! லேமினேஷன் செய்த தாளைத் திரும்ப எடுக்க முடியாது. செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். நான்கைந்து வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளோடு ஊறி, எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மாநாட்டில் ஆவணப் பாதுகாப்பு தெரிந்த ஓர் அம்மையார் இதை ஒரு மணி நேரம் செய்து காட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போயிருக்கலாம்.

முதலில் போட்டோ எடுங்கள். ஜன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் போடாமல், ஒவ்வொரு பக்கமாக. முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். நடுவில் யாராவது ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் தேதி போட்டிருப்பார்கள், ஒரு பூவை வைத்திருப்பார்கள், அதுவும் குடும்பச் சரித்திரம்தான். புத்தகத்தை 180 டிகிரிக்கு விரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் மடித்த துண்டை முட்டுக்கொடுத்துப் பாதியளவே திறந்து வைத்து எடுங்கள்.

பிறகு, துவைத்துக் காய்ந்த, கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. அமிலமில்லாத அட்டைப்பெட்டி கிடைத்தால் நல்லது. பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சில் வசம்பு போடலாம், நம் பெரியவர்கள் ஏட்டுச் சுவடிக்கு வைத்த அதே வசம்பு. ஆனால் அது தாளில் படக் கூடாது. மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். பெங்களூரு ஜூலை ஈரம் சத்தமில்லாமல் வேலையைக் காட்டும். மாதம் ஒரு முறை திறந்து ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

பழைய போட்டோக்களும் உங்களிடம் இருக்கும். பின்னால் பெயர் எழுதும்போது பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். 'தாத்தா' என்று எழுதாதீர்கள். யாருக்குத் தாத்தா? முழுப்பெயர் எழுதுங்கள்.

ஐ.டி. வேலையில் இருக்கிறேன். என்னுடன் வேலை செய்யும் ஓர் ஆங்கிலேயர், பெங்களூரில் 1850-களில் இறந்த தன் முன்னோரின் அடக்கப் பதிவை லண்டனிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். நான் இங்கேயே பிறந்தவன். என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. எப்படித் தேடுவது?
- வாசகர், ஒயிட்ஃபீல்டு

தம்பி, உங்கள் நண்பருக்கு அது கிடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களைக் கம்பெனி காலத்திலிருந்தே லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். பெங்களூரு கண்டோன்மென்ட்டும் அதில் சேர்த்திதான். இன்று அவை பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. இந்தியாவில் இருக்கும் ஐரோப்பியர் கல்லறைகளைக் கவனிக்க 1976-லிருந்து லண்டனில் ஒரு சங்கமே இயங்குகிறது. தங்கள் முன்னோர்மேல் அவர்களுக்கு இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன்.

நம்மவர்கள் பெயர் பெரும்பாலும் அந்தந்தச் சபையின் பதிவேட்டில்தான் இருக்கும். அதுவும் கரையான் அரிக்காமல் இருந்தால். முதலில் தாத்தா எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார் என்று கண்டுபிடியுங்கள். அங்கே ஆயரிடம் முறையாகக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். ஓசூர் ரோடு, கல்பள்ளிக் கல்லறைத் தோட்டங்களில் குடும்பக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். பென்சன் டவுன் ஐக்கிய இறையியல் கல்லூரியில் மிஷன் ஆவணங்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1910-இல் தொடங்கிய கல்லூரி. அனுமதி பெற்றுப் பார்க்கலாம்.

மனம் தளராதீர்கள். எழுதி வைத்தால் பெயர் நிற்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்த ஆரோன், 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டன்ட் சபையில் முதல் இந்தியக் குரு அவர்தான். அவர் பெற்றோர் வைத்த பெயர்கூட இன்று நமக்குத் தெரிகிறது. அன்றைக்கு யாரோ எழுதி வைத்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் மூத்தவர் யார்? இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பதிவேடு அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். வார்டில் நான் தினமும் பார்க்கிறேன், கடைசி நாட்களில் பெரியவர்கள் பழைய பெயர்களைத்தான் சொல்கிறார்கள். அம்மா, அண்ணன், கூடப் படித்தவள், தெருவில் இருந்த வாத்தியார். பிள்ளைகள், "அப்பா ஏதோ உளறுகிறார் ஐயா" என்பார்கள். உளறல் இல்லை. அந்த வீட்டுப் பதிவேடு அப்போதுதான் வாய்விட்டு வாசிக்கப்படுகிறது. 22 வருடம் நானும் அதைக் கேட்டுவிட்டு, ஜெபித்துவிட்டு, எழுந்து வந்துவிட்டேன். எழுதவில்லை. இப்போது சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், தாளைக் கிழித்து அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

முதல் கேள்வி கேட்ட அல்சூர் அம்மாவின் மாமியாரிடம்தான் அந்த நோட்டைத் தொடங்கினேன். சாம்பியன் ரீஃப் லைனில் பிறந்தவர். ஆறு வயதில் பைபிளின் 121-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி ஒரு பென்சில் பரிசு வாங்கியிருக்கிறார். கொடுத்தவர் ஒரு பைபிள் உமன், வீடு தேடிப் போய் வேதம் சொல்லித்தரும் பெண் ஊழியர். வெள்ளைச் சேலை, காலில் செருப்பில்லை, சாயங்காலம் ஷிப்ட் சங்கு ஊதியதும் லைன் லைனாக வந்து பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைப்பாராம். அந்த அம்மாளின் பெயர், ஊர், அவர் பாடிய மெட்டு எல்லாம் பெரியம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. மூன்று தாள் ஆயிற்று. அல்சூர் அம்மா, தாள்கள் உங்கள் மாமியாரின் தலையணைக்கடியில் இருக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு வயது 86. அவருடைய தாயார் கையால் எழுதிய கீர்த்தனைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நீங்கள் சொல்லும் மியூசியத்துக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? எனக்குப் பிறகு அதைக் காப்பாற்ற வீட்டில் யாருமில்லை.
- வாசகி, லிங்கராஜபுரம்

சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் இப்போதே கொடுத்துவிடாதீர்கள், அம்மா. முதலில் அம்மாவிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்து, அவருக்குத் தெரிந்த பாட்டுகளைப் பாடச் சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, போனில் பதிவு செய்யுங்கள். தாளில் வார்த்தை மட்டும்தான் இருக்கும். ராகம் அம்மாவிடம்தான் இருக்கிறது. எழுதியவரின் பெயர், எந்த வருடத்து நோட்டு, எந்தச் சபையில் பாடினார்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தனித்தாளில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். கொடுக்கும்போது அந்தப் பெயர் அட்டையில் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை ஓ.பி.டி.க்குப் பக்கத்து அறையில் இருப்பேன். அம்மாவால் வர முடிந்தால் அழைத்து வாருங்கள். முடியாவிட்டால் சொல்லுங்கள், லிங்கராஜபுரத்துக்கு நானே வருகிறேன். நோட்டையும் கொண்டு வருகிறேன்.